குளிர் காலையில் கேட்கும் ‘டிக் டிக்’: யூட் வாகனங்களில் எக்சோஸ்ற் கசிவும் உடைந்த போல்ட்டும்



கணக்காளர் ஒருவர் வாகனத்தின் எஞ்சினைப் பற்றி என்ன கதைக்கப் போகிறார் என்று உங்களில் சிலர் யோசிக்கக்கூடும். நியாயமான கேள்விதான். எனக்கு இந்த விடயம் வந்து சேர்ந்ததே கணக்குப் புத்தகத்தின் வழியாகத்தான்.

என் மைத்துனர் பெயின்ற் அடிக்கும் தொழில் செய்பவர். அவருடைய காலாண்டு ஜி.எஸ்.ரி. கணக்கை நான்தான் பார்ப்பேன். ஒரு காலாண்டில் பெற்றோல் செலவு வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. ஓடிய கிலோமீற்றர் கூடவில்லை, பெற்றோல் விலையும் பெரிதாக ஏறவில்லை. “அத்தான், வண்டியில் ஏதோ பிழை இருக்கிறது” என்றேன். “காலையில் ஸ்ராட் பண்ணும்போது கொஞ்ச நேரம் டிக் டிக் என்று சத்தம் வரும், பிறகு போய்விடும். பழைய வண்டிதானே” என்றார். பக்கத்தில் நின்ற அக்கா வேறொன்று சொன்னார். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போய் இறங்கும் போதெல்லாம் மகள் தலை இடிக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்கிறாளாம். கண்ணாடி போட வேண்டுமோ என்று கண் பரிசோதனைக்கு நாளும் எடுத்து வைத்திருந்தார்கள்.

கூடிய பெற்றோல் செலவு, காலைச் சத்தம், பிள்ளையின் தலையிடி. மூன்றுக்கும் காரணம் எஞ்சினின் ஓரத்தில் உடைந்துபோயிருந்த ஒரு சின்ன போல்ட். அதைப் பற்றித்தான் இந்த மாதப் பேச்சு.

வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே வண்டி

எங்கள் ரோவிலுக்கு இன்னும் ரயில் வரவில்லை. வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் வாகனம்தான். பெயின்ற், தச்சு, தோட்டம், துப்புரவு என்று சொந்தத் தொழில் செய்யும் எங்கள் ஆட்களில் பலர் வைத்திருப்பது யூட். யூட் என்பதே விக்டோரியாவில் பிறந்த பிள்ளை. கிப்ஸ்லாண்ட் பகுதி விவசாயி ஒருவரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வாகனம் வேண்டும் என்று ஃபோர்ட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஜீலோங் தொழிற்சாலையில் லூ பண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் வரைந்த அந்த வாகனம் 1934இல் வெளிவந்தது.

இன்றும் நிலைமை அதேதான். கிழமை நாட்களில் பெயின்ற் வாளி ஏறும் வண்டியில் சனிக்கிழமை பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஆகவே வேலை வண்டியின் குறை பிள்ளைகளின் மூச்சிலும் கை வைக்கும்.

மனிஃபோல்ட் என்றால் என்ன? போல்ட் ஏன் உடைகிறது?

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிந்து வெளிவரும் வாயுவை ஒன்றாகச் சேர்த்து ஒரே குழாய்க்குள் அனுப்பும் கனமான இரும்பு வார்ப்புக்குத்தான் எக்சோஸ்ற் மனிஃபோல்ட் என்று பெயர். விரல்களை விரித்து வைத்த கை போல இருக்கும். அது எஞ்சினின் தலைப்பகுதியோடு, அதாவது சிலிண்டர் ஹெட்டோடு, போல்ட்களால் அல்லது ஸ்ரட்களால் பூட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே வாயு கசியாமல் தடுக்கும் மெல்லிய கஸ்கற் இருக்கும். ஸ்ரட் என்பது தலையில்லாத போல்ட். ஒரு முனை ஹெட்டுக்குள் முறுக்கப்பட்டிருக்கும், மறு முனையில் நட் வரும். நாங்கள் தினமும் போய்வரும் ஸ்ரட் வீதியின் பெயர் குதிரைப் பண்ணையால் வந்தது. இந்த ஸ்ரட் வேறு.

இனி ஒரு சின்னக் கணக்கு. இரும்பு சூடேறினால் நீளும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அரை மீற்றர் நீளமான வார்ப்பிரும்பு 600 பாகை சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நீளும். அது பூட்டப்பட்டிருக்கும் அலுமினிய ஹெட்டைத் தண்ணீர் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் அது 100 பாகை அளவிலேயே நிற்கும். 1 மில்லிமீற்றர் அளவுகூட நீளாது. ஆக, ஒவ்வொரு முறை எஞ்சின் சூடேறும்போதும் மனிஃபோல்ட் ஹெட்டைவிட 2 மில்லிமீற்றருக்கு மேல் கூட நீள முயல்கிறது, ஆறும்போது திரும்பச் சுருங்குகிறது. நடுவில் உள்ள போல்ட்டுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. இரண்டு அந்தங்களிலும் உள்ள போல்ட்கள்தான் இந்த இழுபறியை முழுவதும் தாங்குகின்றன. ஒரு கம்பியைக் கையால் முன்னும் பின்னும் பல தரம் வளைத்தால் பட்டென்று முறியும் அல்லவா? அதுதான் இங்கே ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. கடைசிப் போல்ட்கள் முதலில் உடைவதற்கு இதுவே காரணம். ஆறு சிலிண்டர்கள் வரிசையாக உள்ள எஞ்சின்களில் மனிஃபோல்ட் நீளமானது என்பதால் இழுபறியும் கூடும். மெல்பேணிலேயே வலப்பக்க ஸ்ரியரிங்குக்கு மாற்றி விற்கப்படும் ராம் போன்ற பெரிய அமெரிக்க பிக்கப்களின் வி8 எஞ்சின்களிலும் பின்பக்கப் போல்ட்கள் உடைவது பரவலாக அறியப்பட்ட குறை.

இதோடு வேறு காரணங்களும் சேரும். எக்சோஸ்ற் குழாயைத் தாங்கும் ரப்பர் கொழுக்கி அறுந்தால் குழாயின் பாரம் முழுவதும் மனிஃபோல்ட்டில் தொங்கும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் பழுதானாலும் அப்படியே. சூடான வார்ப்பிரும்பில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் மனிஃபோல்ட்டே வெடித்துவிடலாம். பாரமான ட்ரெய்லரை இழுத்து வந்த கையோடு வெள்ளத்துக்குள் வண்டியை விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கசிவை எப்படி அறிவது?

முதல் அடையாளம் சத்தம். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்ராட் செய்ததும் டிக் டிக் என்று கேட்கும். அக்சிலேற்றரை மிதித்தால் சத்தமும் விரைவுபடும். சில நிமிடங்களில் மனிஃபோல்ட் சூடாகி விரிந்து இடைவெளியை அடைத்ததும் சத்தம் குறையும் அல்லது நின்றுவிடும். இதுதான் எங்களை ஏமாற்றுவது. சத்தம் நின்றதால் கசிவு முழுவதும் நின்றது என்று அர்த்தமில்லை. என் மைத்துனர் முதலில் காட்டிய இடத்தில் இதை இன்ஜெக்டர் சத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வண்டி அங்கே போய்ச் சேரும்போது சூடாகியிருந்தது. அவர்கள் உண்மையான சத்தத்தைக் கேட்கவே இல்லை. ஆகவே முதல் நாள் மாலையே வண்டியைக் கராஜில் விட்டு, காலையில் ஆறிய எஞ்சினை ஸ்ராட் செய்து கேட்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது அடையாளம் கரி. எஞ்சின் நன்றாக ஆறியபின் பொனற்றைத் திறந்து, டோர்ச் அடித்து, மனிஃபோல்ட்டும் ஹெட்டும் சேரும் கோட்டைப் பாருங்கள். கசியும் இடத்தில் கறுப்புக் கரிக்கோடு விசிறி போலப் படிந்திருக்கும். போல்ட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பின்பக்கத்தைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி உதவும்.

மூன்றாவது, பெற்றோல் செலவு. எக்சோஸ்ற் வாயுவில் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்த்துப் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் சென்சர் ஒன்று குழாயில் இருக்கிறது. கசியும் இடைவெளி வழியாக வாயு வெளியே போவதோடு, இரண்டு தள்ளல்களுக்கு இடையே வெளிக்காற்றும் உள்ளே உறிஞ்சப்படும். அந்தக் காற்றைக் கண்ட சென்சர் பெற்றோல் போதவில்லை என்று நினைக்கும். கணினி மேலும் பெற்றோலை ஊற்றும். ரேர்போ உள்ள டீசல் வண்டி என்றால் ரேர்போவைச் சுழற்ற வேண்டிய வாயு வழியிலேயே வீணாகிறது. இழுவை குறையும், புகை கூடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. எஞ்சின் ஆறி, நிறுத்தப்பட்டிருக்கும்போது, காற்றை வெளியே ஊதக்கூடிய வக்கியூம் கிளீனரின் குழாயைப் புகைபோக்கியின் வாயில் துணி சுற்றி வையுங்கள். மனிஃபோல்ட்டின் ஓரங்களில் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் குமிழி வரும். சைக்கிள் ரியூப்பில் ஓட்டை பார்த்த அதே வித்தைதான்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

பெற்றோல் வண்டியின் புகையில் காபன் மொனொக்சைட் உண்டு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. எங்கள் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, வாந்தி வருவது போன்ற உணர்வு, தூக்கக் கலக்கம் என்றுதான் தொடங்கும். புகையைச் சுத்தம் செய்யும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் மனிஃபோல்ட்டுக்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே மனிஃபோல்ட்டில் கசிவது இன்னும் சுத்தம் செய்யப்படாத வாயு. அது பொனற்றுக்குக் கீழே சேர்கிறது. வண்டிக்குள் காற்றை எடுக்கும் வாயோ பொனற்றின் பின் ஓரத்தில், முன் கண்ணாடியின் அடியில் இருக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஹீற்றர் அந்த வாயுவையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடலாம். டீசலில் காபன் மொனொக்சைட் குறைவு என்றாலும் கரித்தூளும் வேறு நச்சு வாயுக்களும் உண்டு.

இந்த வாயுவை விக்டோரியாவில் நாங்கள் அலட்சியம் செய்ய முடியாது. 2010 மே மாதத்தில் ஷெப்பர்ட்டனுக்கு அருகே ஒரு வாடகை வீட்டில் பழுதான காஸ் ஹீற்றரில் இருந்து வந்த காபன் மொனொக்சைட்டால் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அது வீட்டு ஹீற்றர், இது வண்டி, வாயு ஒன்றுதான்.

இதில் எங்கள் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஏ40 கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். கஸ்கற் கிடைக்காவிட்டால் கையில் அகப்பட்டதை வெட்டிப் போட்டோம். புகையும் சத்தமும் எங்களுக்குப் பெரிய விடயமாக இருக்கவில்லை. அந்தக் கைவினை குறித்துப் பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கார்களின் கண்ணாடிகள் எப்போதும் திறந்திருந்தன. இங்கே ஜூலை மாதத்தில் கண்ணாடியை மூடி ஹீற்றரைப் போட்டுப் பின் இருக்கையில் பிள்ளைகளை வைத்து ஓட்டுகிறோம். அங்கே சமாளித்தது போல இங்கே சமாளிக்க முடியாது.

கசிவு இருப்பதாகச் சந்தேகம் வந்தால், திருத்தும்வரை அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். ஓடும்போது தலையிடியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி, எல்லோரும் இறங்கி வெளிக்காற்றுக்கு வாருங்கள், 000க்கு அழையுங்கள்.

திருத்தும் முறை

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். வண்டியை உயர்த்தினால் ஜக்கை மட்டும் நம்பாமல் அக்சில் ஸ்ராண்ட் வைக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். அவுஸ்திரேலியாவில் அஸ்பெஸ்ரஸ் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2003 டிசம்பர் 31இல். அதற்கு முந்திய வண்டியின் பழைய கஸ்கற்றில் அது இருக்கலாம். அதை உலர்ந்தபடி சுரண்டவோ கம்பித் தூரிகைச் சில்லால் தேய்க்கவோ கூடாது.

மிஞ்சியிருக்கும் போல்ட்களைக் கழற்றுவதுதான் முதல் சோதனை. பலத்தைக் காட்டினால் அவையும் முறியும். துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை முதல் நாளும், இரண்டு மூன்று தடவையும் அடித்து ஊற விடுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சொட்டு அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப இறுக்கும் பக்கம் கொஞ்சம் என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். பிடிவாதம் பிடித்தால் சூடு காட்டுவார்கள். போல்ட்டைச் சூடாக்கி மெழுகுதிரியை அதன் அடியில் தொட்டால், உருகிய மெழுகு புரிகளுக்குள் இறங்கி இளக்கிவிடும். எண்ணெய் அடித்த இடத்தில் நெருப்பைக் காட்டுவது ஆபத்து. பெற்றோல் குழாய் பக்கத்தில் இருந்தால் நெருப்பே வேண்டாம்.

உடைந்த போல்ட் மூன்று விதமாக இருக்கும்.

முதலாவது, துண்டு வெளியே நீண்டு நிற்பது. மனிஃபோல்ட்டைக் கழற்றியதும் பெரும்பாலும் ஒரு விரல் அளவு துண்டு தெரியும். புரி நல்லதாக இருந்தால் இரண்டு நட்களைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டைத் திருப்பிக் கழற்றலாம். இல்லாவிட்டால் பூட்டுக் குறட்டால் பிடித்துத் திருப்பலாம்.

இரண்டாவது, மட்டத்தோடு மட்டமாக முறிந்தது. அதன் மேல் ஒரு வொஷரையும் நட்டையும் வைத்து, நட்டின் ஓட்டை வழியாக வெல்டிங் செய்து துண்டோடு ஒட்டுவார்கள். அலுமினிய ஹெட்டில் இந்த வெல்டிங் பிடிக்காது, உருக்குத் துண்டில் மட்டும் பிடிக்கும். அந்தச் சூடே துருவையும் உடைத்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டுத் திருப்பினால் பல தடவை இலகுவாக வந்துவிடும். வெல்டிங்குக்கு முன் பற்றரியைக் கழற்ற மறந்தால் வண்டியின் கணினி பழுதாகலாம்.

மூன்றாவது, உள்ளே முறிந்தது. சரியாக நடுவில் புள்ளி குத்தி, சின்ன அளவில் தொடங்கித் துளைக்க வேண்டும். இடப்பக்கம் சுழலும் துளையாணி இருந்தால் நல்லது. துளைக்கும்போதே துண்டு கழன்று வருவதுண்டு. நடு தவறினால் ஹெட்டின் அலுமினியப் புரி அழியும். துளைக்குள் செருகிக் கழற்றும் ‘ஈசி அவுட்’ என்ற கருவியின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மிகக் கடினமான உருக்கு. உள்ளே முறிந்தால் சாதாரண துளையாணியால் அதைத் துளைக்கவே முடியாது. இரண்டாவதும் மூன்றாவதும் எங்கள் கைக்குரிய வேலை இல்லை. மெல்பேணில் வீட்டுக்கே வந்து உடைந்த போல்ட் மட்டும் எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். என் மைத்துனரின் வண்டியில் இரண்டு போல்ட் முறிந்திருந்தன. ஒன்றை அவரே எடுத்தார். மட்டத்தோடு முறிந்ததை அப்படி ஒருவரை அழைத்துத்தான் எடுத்தோம்.

புரி அழிந்திருந்தால் துளையைப் பெருப்பித்துப் புதிய உருக்குப் புரியைச் செருகலாம். ஹெட்டை எறிய வேண்டியதில்லை.

திரும்பப் பூட்டும்போது

உடைந்த போல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. போல்ட்டை உடைத்தது வளைந்த மனிஃபோல்ட்டாக இருக்கலாம். நேரான உருக்குச் சட்டத்தை அதன் முகத்தில் வைத்து இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் இருந்தால் இயந்திரத்தில் மட்டப்படுத்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் துளைகள் நீள்வட்டமாக இருப்பது குறையல்ல; மனிஃபோல்ட் நகர்வதற்காக விட்ட இடம்.

புதிய கஸ்கற், எல்லாப் போல்ட்களும் புதிது. நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் வெளியே போகும்படி, இரண்டு மூன்று தடவையாக, ரோர்க் ஸ்பனரால் இறுக்க வேண்டும். 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீற்றர்தான். கையேடு சொல்வதே முடிவு. கூட இறுக்கினால் நல்லது என்று நினைப்பவர்தான் அடுத்த போல்ட்டையும் உடைப்பவர். கசிவை அடைக்கும் பசைகள் இந்தச் சூட்டில் நிலைக்காது. முறிந்த போல்ட்டைத் தொடாமல் வெளியே இருந்து அழுத்தும் கிளாம்ப் சில வண்டிகளுக்குக் கிடைக்கிறது; அது தற்காலிக வழி.

கணக்காளராக ஒரு சில வார்த்தை

கஸ்கற்றும் போல்ட்களும் பெரிய விலையில்லை. செலவு முழுவதும் கூலி. மணித்தியாலத்துக்கு 100 டொலருக்கு மேல் எடுக்கும் ஊரில், ஒரு போல்ட் முறிந்தபோது போனால் சில மணித்தியாலம். தள்ளிப்போட்டு ஹெட்டின் முகத்தையே சூடான வாயு அரித்தபிறகு போனால் அது வேறு கணக்கு. முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். ஒரு போல்ட் எடுக்கும்போது முறிந்தால் எவ்வளவு கூடும் என்றும் கேளுங்கள். தயாரிப்பாளரின் கராஜுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. 2022 ஜூலை 1 முதல், 2002இற்குப் பிந்திய பெரும்பாலான வண்டிகளின் திருத்தல் தகவல்களை ஏனைய மெக்கானிக்குகளும் விலைக்கு வாங்கச் சட்டம் வழி செய்திருக்கிறது.

தொழிலுக்கு ஓடும் யூட்டின் திருத்தல் செலவில் தொழில் பங்கை வரியில் கழிக்கலாம், பற்றுச்சீட்டு வேண்டும். கிலோமீற்றருக்கு இத்தனை சதம் என்ற முறையில் கணக்குக் காட்டுபவர்கள் திருத்தலைத் தனியாகக் கழிக்க முடியாது. இன்னொன்று: பழைய வண்டி வாங்கும்போதே இருந்த குறையைத் திருத்தினால் வரிச் சட்டம் அதை முதற்செலவாகப் பார்க்கும்; அந்த ஆண்டே முழுவதும் கழிக்க முடியாது. எனவே பழைய யூட் வாங்கப் போகிறவர்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது வந்து பார்க்கிறோம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். போனவுடன் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். எக்சோஸ்ற் கசியும் வண்டி ரோட்வேர்தி சோதனையிலும் தேறாது.

மைத்துனரின் வண்டி திருத்தியபின் அடுத்த காலாண்டில் பெற்றோல் கணக்கு பழைய இடத்துக்கு வந்தது. அதைவிடப் பெரிய செய்தி, பிள்ளை சனிக்கிழமைகளில் தலையிடி என்று சொல்வதில்லை. கண் பரிசோதனைக்கும் போனார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

நேயர்களே, நாளைக் காலை வண்டியை ஸ்ராட் செய்யும்போது வானொலியை உடனே போடாதீர்கள். வானொலிக்காரன் நானே இதைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் எஞ்சினைக் கேளுங்கள். பிறகு எங்களைக் கேட்கலாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.